கர்த்தர்மேல் எதை வைப்பது, எதை நாம் சுமப்பது?

கேள்வி: என் கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மூத்த மகள் கல்யாணத்துக்கு நகையை அடகு வைத்து வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. வீட்டு மாடி பாதியில் நிற்கிறது, ஆலயத்துக்குப் போனால்கூட "எப்ப முடிப்பீங்க" என்றுதான் கேட்கிறார்கள். அப்பா சொத்தில் எனக்குப் பங்கு கிடையாது என்று சொன்ன அண்ணனோடு பேச்சுவார்த்தையே இல்லை. ராத்திரி தூக்கம் வருவதில்லை. "எல்லாவற்றையும் கர்த்தர்மேல் வைத்துவிடும்மா" என்கிறார் போதகர். எப்படி வைப்பது?
- ஒரு வாசகி, கருங்கல்

பதில்: சகோதரி, போதகர் சொன்னது நல்ல ஆலோசனைதான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஜெபிக்க உட்கார்ந்தால் எழும்போதும் அதே மூட்டை தலையில்தான் இருக்கும். முதலில் பிரியுங்கள். கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' என்று எழுதிய பவுலே, மூன்று வசனம் தள்ளி 'அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே' என்றும் எழுதுகிறார்.

கடன் உங்கள் பாரம். பலம் கேட்டு ஜெபியுங்கள், கட்டுவது நீங்கள்தான். ஆனால் மழை பிடித்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. அது தெரிந்தும் மாதாமாதம் ஒரே தொகை கட்ட முடியவில்லையே என்று உங்களை நீங்களே குற்றப்படுத்துவது வேண்டாத சுமை. கணவரோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள். மீட்கவே முடியாது என்று தெரிந்தால், வட்டி ஏறி நகை ஏலத்துக்குப் போகுமுன் ஒன்றிரண்டை விற்று அடைப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

மாடியை இன்றைக்கே இறக்கி வையுங்கள். அது ஊரார் வாய்க்குப் பயந்து சுமப்பது. உங்கள் பக்கத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்றபோது, திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகம், சாதி மரியாதை, சொந்தக்காரர் பேச்சு எல்லாமே அவருக்கு எதிராகத் திரும்பின. அவர் அதற்காகத் தன் விசுவாசத்தை விடவில்லை. நாம் ஒரு மாடிக்காகத் தூக்கத்தை விடுகிறோம்.

அண்ணன் விஷயம்தான் கனமானது. கசப்பை விடுங்கள் என்றால் பங்கையும் விட்டுக்கொடுங்கள் என்று பெண்களிடம் சொல்கிற வழக்கம் நம் சபைகளில் உண்டு, எனக்கு அதில் சம்மதமே இல்லை. பழைய திருவிதாங்கூர் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். கேட்பது பாவமில்லை. ஆனால் 'அவன் நாசமாகப் போகட்டும்' என்று ராத்திரி புரண்டு புரண்டு நினைக்கிறோமே, அதைத்தான் கர்த்தர்மேல் வைக்க வேண்டும், அதுவும் ஒரே ஜெபத்தில் போகாது, தினமும் வைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் தூக்கம். 'போதும் கர்த்தாவே' என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான், திரும்பவும் தூங்கவிட்டான். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது. அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் போதகரையே கூட வரச் சொல்லுங்கள். வருவார்.