மகள் படிக்க விரும்புவது பணவியல். கன்சல்டன்சி விற்பது வேறு

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் இறுதியாண்டு, தமிழ் வழி. பணவியலும் வங்கியியலும் என்றால் அவளுக்கு உயிர். ரிசர்வ் வங்கி வட்டியை ஏன் ஏற்றுகிறது, ஏன் இறக்குகிறது என்று வீட்டில் பேசிக்கொண்டே இருப்பாள். அதையே மேலே படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் ஊரில் ஒரு கல்வி ஆலோசனை மையத்தில் விசாரித்தோம். "எம்.ஏ. படித்து என்ன கிடைக்கப்போகிறது, பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ் டிப்ளமோவில் சேருங்கள், ஒரே வருடம், வேலை நூறு சதவீதம் உறுதி" என்றார்கள். கட்டணம் இரண்டே முக்கால் லட்சம். பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டிவிட்டேன், சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மீதியை இந்த மாதத்துக்குள் கேட்கிறார்கள். பெண் கணக்கில் சுமார்தான். என்ன செய்யலாம்? (ஒரு தந்தை, விருதுநகர் மாவட்டம்)

பதில்: ஐயா, மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். முதலில் அது நிற்கட்டும்.

வங்கியில் வேலை பார்ப்பது ஒன்று; பணமும் வட்டியும் ஒரு நாட்டில் எப்படி இயங்குகின்றன என்று படிப்பது இன்னொன்று. உங்கள் மகள் கேட்பது இரண்டாவதை. அந்த மையம் முதலாவதை இரண்டாவதின் பெயரில் விற்கிறது. முப்பது வருடம் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்களின் பிழைப்பே ஓடுகிறது.

வங்கி வேலையை முதலில் முடித்துவிடலாம். பொதுத்துறை வங்கிகளின் அதிகாரி தேர்வை ஐபிபிஎஸ் என்ற வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் நடத்துகிறது, ஸ்டேட் வங்கி தனியாக நடத்துகிறது. இரண்டுக்கும் கேட்பது ஏதாவது ஒரு பட்டம். தாவரவியல் படித்தவரும் எழுதலாம், தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதலாம். உங்கள் மகள் இந்த வருடம் தேறினால் அந்தத் தகுதி வந்துவிடும். ரிசர்வ் வங்கியின் கிரேடு-பி பொதுப் பணி (ஜெனரல்) அதிகாரி தேர்வுக்கும் பட்டத்தில் 60 சதவீதம் இருந்தால் போதும். எந்த இடத்திலும் பேங்கிங் டிப்ளமோவை ஒரு தகுதியாகக் கேட்பதில்லை. "ஜேஏஐஐபி பயிற்சியும் சேர்த்துத் தருகிறோம்" என்றும் சொல்லியிருப்பார்கள். அது ஏற்கெனவே வங்கியில் வேலை பார்ப்பவர்கள் எழுதும் தேர்வு. வேலையில் சேராத பெண்ணுக்கு அதை விற்பது, ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்கு லாரி பெர்மிட் விற்பது மாதிரி.

சரி, மகள் ஆசைப்படும் பாடத்துக்கு வருகிறேன். அவள் வீட்டில் என்ன பேசுகிறாள் என்று உங்களுக்கும் பிடிபட வேண்டும் என்பதற்காக ஒரு கணக்கு சொல்கிறேன்.

2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.50 ஆக்கியது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது கொடுக்கும் வட்டிதான் ரெப்போ. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தந்த மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ மாதிரியான ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. அது ஏறினால் கடன் வட்டியும் ஏறும். 20 லட்சம் ரூபாய் கடன், 20 வருடம், வட்டி 6.75 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 15,200 ரூபாய். அதே இரண்டரை சதவீதம் ஏறி வட்டி 9.25 ஆனால் தவணை சுமார் 18,300. மாதம் மூவாயிரத்துச் சொச்சம் கூடுதல். அப்போது பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டின. கடன் வாங்கிய புதிதிலேயே வட்டி இந்த அளவு ஏறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 9.25 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே சுமார் 15,400. பழைய தவணை 15,200. வட்டிக்கே பற்றவில்லை! மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறவரின் கடன், குறைவதற்குப் பதில் வளரும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்ற தேர்வைக் கடன் வாங்கியவருக்கே தர வேண்டும் என்றது.

அடுத்த கேள்வி இதிலிருந்தே பிறக்கும். கடன் வட்டி இப்படிப் பாய்ந்து ஏறியபோது டெபாசிட் வட்டி ஏன் மெல்ல நகர்ந்தது? உங்கள் ஊர் அடகுக்கடை வட்டி ஏன் அசையவே இல்லை? சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவருக்கு வங்கியில் நடைமுறை மூலதனக் கடனும் வெளியே கைமாற்றும் இருக்கும். ரெப்போ ஏறினால் முதல் கடனில் வலிக்கும், இரண்டாவதில் தெரியவே தெரியாது. மத்திய வங்கியின் முடிவு எதுவரை பாய்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதுதான் இன்று இந்தத் துறையின் பெரிய விவாதங்களில் ஒன்று. அதைப் பார்ப்பதற்கு உங்கள் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. இந்தக் கேள்விகளைக் கேட்கிற பெண்ணை ஒரு வருட டிப்ளமோவில் கொண்டுபோய் அடைத்துவிடாதீர்கள்.

அவளுக்கு வேண்டியது எம்.ஏ. பொருளாதாரம். "பணவியல்" என்ற பெயரில் தனிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். பெயரில் "பேங்கிங்" இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டாம். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பேரியல் பொருளாதாரம், புள்ளியியல், பொருளாதார அளவையியல் (எகனோமெட்ரிக்ஸ்) மூன்றும் கனமாக இருந்தால் அது நல்ல படிப்பு. சென்னை கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் நெடுங்காலம் அதற்குத் தலைவராக இருந்தார். அரசு பற்றாக்குறைக்காகத் தற்காலிகக் கருவூல உண்டியல்களை (குறுகிய காலக் கடன் பத்திரங்களை) ரிசர்வ் வங்கியிடம் தள்ளிவிட்டுப் பணம் எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கத்துக்கு, அரசும் ரிசர்வ் வங்கியும் செய்துகொண்ட 1994 ஒப்பந்தமும் 1997 முடிவும் முற்றுப்புள்ளி வைத்தது அவர் காலத்தில்தான். மகளிடம் கேளுங்கள், தெரிந்து வைத்திருப்பாள். மும்பையில் ரிசர்வ் வங்கியே 1987-ல் தொடங்கிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. திருவாரூர், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இவை எட்டாவிட்டால், நல்ல ஆசிரியர் இருக்கும் ஓர் அரசுக் கல்லூரி போதும். கட்டணமும் குறைவு.

ரிசர்வ் வங்கியில் பொருளாதார ஆய்வுக்கென்றே ஒரு துறை உண்டு. அதன் அதிகாரி தேர்வுக்குப் பொருளாதாரம் அல்லது நிதியியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட முதுகலைப் பட்டமும் அதில் 55 சதவீதமும் வேண்டும். இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. கிடைத்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஊர் மையம் தரும் ஓராண்டு டிப்ளமோவை வைத்துக்கொண்டு அந்த விண்ணப்பத்தையே நிரப்ப முடியாது.

கணக்குப் பயம் நியாயமான பயம்தான். எம்.ஏ.வில் வகையிடல், அணிகள், நிகழ்தகவு, தொடர்புப் போக்கு எல்லாம் தினமும் வரும். பல்லாயிரம் கொடுத்து கோச்சிங் சேர்க்காதீர்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு "வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்" புத்தகங்கள் தமிழிலேயே இருக்கின்றன, இணையத்தில் இலவசம். கணக்குகளில் பல செலவு, வருவாய், தேவை என்று பொருளாதாரத்தைச் சுற்றியே இருக்கும். ஆறு மாதம், தினம் ஒன்றரை மணி நேரம், கையால் போட்டுப் பார்க்க வேண்டும். நன்றாகப் படித்து வந்த பிள்ளைகள் இந்த இரண்டு புத்தகத்தைத் தொடாமல் எம்.ஏ.வுக்கு வந்து முதல் பருவத்திலேயே உடைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை. இளங்கலையில் நாம் இன்னமும் நடத்தும் பணவியல் எந்தக் காலத்துப் பணவியல்? வங்கி விகிதம்தான் மத்திய வங்கியின் முதல் ஆயுதம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். நூறு ரூபாய் டெபாசிட் வந்தது, பத்து ரூபாய் ரொக்க இருப்பு வைத்தார்கள், மீதித் தொண்ணூறைக் கடன் கொடுத்தார்கள் என்ற கதையை எழுதினால் முழு மதிப்பெண். வங்கி கடன் கொடுக்கும் அந்த நொடியிலேயே டெபாசிட் பிறந்துவிடுகிறது, நடப்பு தலைகீழ் என்று இங்கிலாந்து வங்கியே 2014-ல் விளக்கி எழுதிவிட்டது. நம் கேள்வித்தாள்கள் மாறவில்லை. நான் பாடத்திட்டக் குழு ஒன்றில் இருந்தபோது, ரெப்போ விகிதத்தை முடிவு செய்யும் பணக்கொள்கைக் குழு பற்றி ஓர் அலகு சேர்க்கலாம் என்றேன். "நோட்ஸ் கிடைக்காதே" என்று பதில் வந்தது. 2016-ல் சட்டம் திருத்தி ஆறு பேர் கொண்ட குழு அமைத்து, பணவீக்கத்தை 4 சதவீதத்தில், கூடவோ குறையவோ 2 சதவீதத்துக்குள், வைத்திருக்க வேண்டும் என்று இலக்கும் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு பஜார் நோட்ஸ் வந்த பிறகுதான் வகுப்பில் இடமா? தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வில் பொருளாதாரத்தைத் தமிழில் எழுத வழியில்லை. மூன்று வருடம் தமிழில் யோசித்த பெண் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆங்கிலத்தில் பதில் தேட வேண்டும். ஆங்கிலத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். பணக்கொள்கைக் குழுவின் கூட்டக் குறிப்புகள் கூட்டம் முடிந்த பதினான்காம் நாள் ரிசர்வ் வங்கி தளத்தில் வெளியாகும். ஆறு பேரும் தாங்கள் ஏன் இப்படி ஓட்டுப் போட்டோம் என்று அவரவர் எழுத்தில் சொல்லியிருப்பார்கள். மகள் இப்போதிருந்தே, முறைக்கு ஒருவருடையதையாவது அகராதியோடு உட்கார்ந்து படிக்கட்டும். ஆங்கிலமும் பாடமும் சேர்ந்து வரும்.

அப்புறம், அந்த மையக்காரர் உங்களிடம் அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "பெரிய பல்கலைக்கழகத்தோடு டை-அப் இருக்கிறது, பட்டமே வாங்கித் தருகிறோம்" என்பார். பட்டத்தை ஃப்ரான்சைஸ் கடை மூலம் நடத்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிப்பதில்லை. தொலைநிலை, இணையவழிப் படிப்பு என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யுஜிசியே வெளியிடுகிறது. இரண்டையும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

பணம் கட்டிப் படித்து வங்கி வேலைக்குப் போவது எல்லாமே மோசடியா என்று கேட்டால், இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைக் காட்டித்தான் மற்றவர்கள் ஏமாற்றுகிறார்கள். சில தனியார் வங்கிகள் ஒரு கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து, ஆள் எடுப்பதற்கென்றே பயிற்சி நடத்துகின்றன. அதில் அறிவிப்பு வங்கியின் சொந்த இணையதளத்திலேயே இருக்கும். தேர்வும் நேர்காணலும் முதலில், கட்டணம் பிறகு. தேர்வானவருக்கு, பயிற்சியை முடித்தால் இந்தப் பதவி, இந்தச் சம்பளம் என்று எழுத்தில் கடிதம் வரும். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு அல்ல. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நான்கும் சரியாக இருந்தாலும் கவனம் வேண்டும். கட்டணத்துக்குக் கல்விக் கடன் போட்டு உங்களைக் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடச் சொல்லலாம். பெண் பாதியில் விலகினால் கடன் உங்கள் தலையில். இத்தனை வருடம் வேலை பார்த்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கலாம். கிடைக்கும் வேலையில் கணக்கு திறக்க வைப்பதும் காப்பீடு விற்பதும் பெரும்பங்கு. அதில் குறையில்லை, உழைத்துச் சம்பாதிக்கும் வேலைதான். ரெப்போ விகிதத்தைப் பற்றி யோசிக்க ஆசைப்படும் உங்கள் மகளுக்கு அது எத்தனை நாள் பிடிக்கும் என்பதை அவளிடமே கேளுங்கள். உங்கள் ஊர் மையம் எந்த வங்கியின் பெயரையும் எழுத்தில் தரவில்லை என்றால், அது இந்த விதிவிலக்கிலும் சேராது.

பத்தாயிரம் ரூபாயைப் பற்றி: ரசீது இருந்தால், படிப்பில் சேரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். வராமலும் போகலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நாளைக் காலையிலேயே மகளை அழைத்துக்கொண்டு நேரில் போய், அவர்கள் வாங்கி வைத்திருக்கும் ஒரிஜினல் மதிப்பெண் பட்டியலையும் மற்ற சான்றிதழ்களையும் கையில் வாங்குங்கள். பாக்கியைக் கட்டினால்தான் தருவோம் என்றால் நேரே காவல் நிலையம் போங்கள். எம்.ஏ. விண்ணப்பத்துக்கு அவை வேண்டும்.