பெயருக்கு ஒரு என்ரோல்மென்ட் வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. இந்த வருடம் ஐந்தாண்டு சட்டப்படிப்பை முடித்தேன். எங்கள் குடும்பத்தில் வக்கீல் யாரும் இல்லை. அப்பாவுக்கு நான் ஜட்ஜ் ஆக வேண்டும். அதற்கு மூன்று வருடம் பிராக்டிஸ் வேண்டும் என்று தீர்ப்பு வந்துவிட்டதால், "பேருக்கு வக்கீலா என்ரோல் பண்ணிட்டு கோச்சிங் போ" என்கிறார். மாமா பாங்க் வேலை என்கிறார். நான் எல்எல்எம் மேற்படிப்பில் சேரலாம் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால், கோர்ட்டில் எழுந்து நிற்கவே பயமாக இருக்கிறது. இங்கிலீஷும் சரளமாக வராது. என்ன செய்யட்டும்?

ம.

அன்புள்ள ம.,

கடைசி இரண்டு வரிகள்தான் உங்கள் உண்மையான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போகப்போவது முன்சீப் கோர்ட், மாஜிஸ்ட்ரேட் கோர்ட். அங்கே சாட்சி தமிழில் பேசுகிறார், குறுக்கு விசாரணையும் தமிழில்தான். பிராதை, அதாவது வழக்கு மனுவை, தமிழில் எழுதித் தாக்கல் செய்யலாம். உயர் நீதிமன்றத்துக்கு இங்கிலீஷ் வேண்டும்தான். ஆனால் தினமும் தீர்ப்புகளைப் படித்தால் இரண்டு வருடத்தில் அது கைக்கு வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

பயத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஜூனியராகச் சேர்ந்த இரண்டாவது வாரம், சீனியர் வேறு கோர்ட்டில் இருந்ததால் என்னை வாய்தா கேட்க அனுப்பினார். "எதற்காக வாய்தா?" என்று நீதிபதி கேட்டார். வழக்குக் கட்டையே நான் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. பேசாமல் நின்றேன். அன்று வெளியே வந்து அழுதேன். மறுநாளிலிருந்து, கையில் கொடுக்கும் கட்டைப் படிக்காமல் ஆபீஸை விட்டுக் கிளம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பயம் அப்படித்தான் போனது.

இனி அப்பா சொல்வது. 2025 மே 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த மூன்று வருட நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. வக்கீலாக முதலில் கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அந்தக் காலத்தைக் கணக்கிடலாம். நீங்கள் உண்மையில் தொழில் செய்தீர்கள் என்று பத்து வருட அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தர வேண்டும், அதில் நீதிபதியும் ஒப்பமிட வேண்டும். கோர்ட்டுக்கே வராத பெண்ணுக்கு அந்தச் சான்றைக் கேட்பது, இரண்டு பேரைப் பொய் சொல்லக் கேட்பது. நீதிபதி ஆவதற்கான முதல் படி அதுவாக இருக்கக் கூடாது, ம.

கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பது தேர்வுக்கே பாதகம் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். நம் சிவில் ஜட்ஜ் தேர்வில் எழுவினா, அதாவது கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை, வகுத்துத் தீர்ப்பு எழுதச் சொல்லும் தாள்கள் உண்டு, மொழிபெயர்ப்புத் தாளும் உண்டு. ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்டை எடுத்து, பிராது, எதிருரை, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று வரிசையாகப் படியுங்கள். எதை யார் மறுக்கிறார், எதற்கு யார் சாட்சியம் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதுதான் எழுவினா. நூறு கட்டு அப்படிப் படித்தவருக்குக் கோச்சிங் ஒரு திருப்புதல்தான். கடைசி ஒரு வருடம் மாலையில் போனால் போதும்.

எல்எல்எம் நல்ல படிப்பு. சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த ஆசையிருந்தால் இப்போதே சேருங்கள், கூடவே ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் படியுங்கள். திருச்சி, பெங்களூரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் முதுகலைத் தேர்வு எழுத வேண்டும். ஆனால் கோர்ட்டைத் தள்ளிப்போடத்தான் சேர்கிறீர்கள் என்றால் வேண்டாம். முழுநேர வகுப்பிலும் கோர்ட்டிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. படிப்பு முடிந்ததும் அதே பயத்தோடு அதே வாசலில்தான் வந்து நிற்பீர்கள். கொஞ்சம் தொழில் செய்த பிறகு எதைப் படிக்க வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரியும்.

மாமா சொல்வதும் மோசமில்லை. பாங்குகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் நடத்தும் லா ஆபீசர் தேர்வுக்கும் பார் கவுன்சில் பதிவு வேண்டும். அடமானம், பத்திரச் சரிபார்ப்பு, கடன் வசூல் என்று வேலை இருக்கும். அரசு உதவி வழக்கறிஞர் பதவிக்கு ஐந்து வருட கிரிமினல் பிராக்டிஸ் கேட்கிறார்கள். ஆக, எந்தப் பக்கம் போனாலும் முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவுக் கட்டணமாக 750 ரூபாய்க்கு மேல், எஸ்சி, எஸ்டி பிரிவினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவுக்குப் பிறகு அகில இந்திய பார் தேர்வு எழுத வேண்டும். தமிழிலும் எழுதலாம்.

சரி, யாரிடம் ஜூனியராகச் சேர்வது? இதில்தான் அவசரப்படக் கூடாது. ஒரு வாரம் கோர்ட் ஹாலில் பின்வரிசையில் உட்காருங்கள். யார் சாட்சி விசாரணை நடத்துகிறார், யாருடைய ஜூனியர்களுக்குப் பேசக் கிடைக்கிறது என்று பாருங்கள். அந்த ஆபீசில் முன்பு இருந்த பெண் ஜூனியரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஏன் விலகினார் என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பேசக் கூச்சப்பட வேண்டாம். ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் பல ஆபீசுகளில் பஸ் காசுதான் கிடைக்கிறது. என் முதல் சீனியர் பதினோரு மாதம் ஒன்றும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வேலை கற்றுக்கொடுப்பதும் சம்பளம் தருவதும் வேறு வேறு.

அப்புறம், ஆபீஸ் வேலை பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைச் சேரும் முன்பே சீனியரிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் சேர வேண்டாம்.

அந்தப் பின்வரிசைக்கு ஒருநாள் அப்பாவையும் கூட்டிப் போங்கள். விசாரணை திறந்த கோர்ட்டில்தான் நடக்கிறது, யாரும் போய் உட்காரலாம். மகள் என்ன வேலை செய்யப் போகிறாள் என்று அவர் நேரில் பார்க்கட்டும். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா