டர்ஹம் புல்ஸ் ஆட்டம்: விதி தெரியாமல் போகலாமா?

கோடையில் டியூக் பல்கலைக்கழக வளாகமே வெறிச்சோடிக் கிடக்கிறது, பேஸ்பால் தெரியாமல் நான்கு வயதுப் பையனோடு டர்ஹம் ஊர் பேஸ்பால் அணியான புல்ஸ் ஆட்டத்துக்குப் போனால் காசு வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணி மட்டை பிடிக்கும், இரண்டு அணியும் ஒரு முறை பிடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ், அப்படி ஒன்பது இன்னிங்ஸ். இது தெரிந்தால் போதும். அங்கே பாதிப் பேர் ஆட்டத்தையே பார்ப்பதில்லை, அது வேறு கதை.

மைதானத்தின் இடப்பக்கச் சுவர் மேல் ஒரு பெரிய காளைப் பலகை நிற்கும். அது நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். புல்ஸ் வீரர் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தால் அதன் கண் சிவக்கும், மூக்கில் புகை வரும், வால் ஆடும். பந்து காளை மேலேயே பட்டால் அடித்தவருக்கு ஸ்டேக் விருந்து, கீழே வரைந்த புல்லில் பட்டால் சாலட்!

ஆட்டமும் மட்டமாக இருக்காது. புல்ஸ் ஆடும் டிரிபிள்-ஏ என்பது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்குக்கு ஒரே ஒரு படி கீழே. இங்கே ஆடுபவரை நாளைக்கே டாம்பா பே ரேஸ் என்ற மேஜர் லீக் அணி கூப்பிடலாம்.

திங்கட்கிழமை பெரும்பாலும் ஆட்டம் இருக்காது. ஜூலை வெயிலுக்கு மாலை ஆட்டம்தான் சரி. ஆட்டம் நடக்கும்போது போனை உள்ளே வையுங்கள், கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் பந்து விர்ரென்று வரலாம். அப்புறம், ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லாரும் எழுந்து பாடுவார்கள். பையன் தூங்கி வழிந்தால் அதோடு கிளம்பிவிடலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.