உறைகுளிரில் சோலார் டிராக்கர்: கேள்வி பதில்

கேள்வி: கனடாவின் எட்மன்டனில் வீட்டுக்குப் பின்னால் சூரியனைப் பின்தொடர்ந்து சோலார் பலகைகளைத் திருப்பும் இரண்டு அச்சு டிராக்கர் வைத்திருக்கிறேன். குளிர் மைனஸ் 30 டிகிரியைத் தாண்டினால் அசைவதில்லை. மோட்டாரை மாற்றவேண்டுமா, ஐயா?

பதில்: முதலில் கிரீஸைப் பாருங்கள். நான் பராமரித்த ஒரு டிராக்கரின் கியர் பெட்டியை ஒரு ஜனவரிக் காலையில் திறந்தபோது, உள்ளே இருந்த சாதாரண கிரீஸ் விரலால் அழுத்தினாலும் தடம் பதியாதபடி மெழுகாக இறுகியிருந்தது. மைனஸ் 40 டிகிரிக்கு உரிய செயற்கை எண்ணெய் கிரீஸை இட்டதும் அதே மோட்டார் தடையின்றிச் சுழன்றது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் லித்தியம் பேட்டரி இருந்தால், அதைச் சூடாக்கும் வசதி இல்லாமல் 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றம் செய்யாதீர்கள். பேட்டரி நிரந்தரமாகப் பழுதாகும்.

கேள்வி: இரவில் பலகைகளை எந்தச் சாய்வில் நிறுத்துவது?

பதில்: பனி பொழியும் இரவில் இயன்றவரை செங்குத்தாக, பலத்த காற்றில் உற்பத்தியாளர் குறித்த பாதுகாப்புக் கோணத்தில் நிறுத்துங்கள். பல டிராக்கர்களில் அது ஏறத்தாழக் கிடைநிலையாகவே இருப்பதால், பனியும் காற்றும் சேர்ந்து வரும்போது இரண்டும் முரண்படும். அப்போது காற்றுக்கே முதலிடம் கொடுங்கள்; படிந்த பனியைக் காற்று ஓய்ந்தபின் சாய்த்துச் சரித்துவிடலாம், வளைந்த சட்டத்தை நிமிர்த்த முடியாது. சரிந்த பனி அடியில் குவிந்து பலகையின் கீழ் விளிம்பை முட்டும் என்பதால், தரையிலிருந்து தாராளமாக இடைவெளி விடுங்கள். சூரியன் இருக்கும் திசையை அறியும் ஒளி உணரியைப் பனி மூடிவிடும். நாளையும் நேரத்தையும் கொண்டு சூரியனின் இடத்தைக் கணிக்கும் கட்டுப்பாடே நம்பகமானது.

கேள்வி: குளிரில் இன்வர்ட்டர் பழுதாகுமா?

பதில்: ஆகலாம். சிலிக்கான் பலகையின் மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் சுமார் 0.3 விழுக்காடு உயர்கிறது. 25 டிகிரியில் 45 வோல்ட் தரும் 12 பலகைகளைத் தொடராக இணைத்தால் 540 வோல்ட். மைனஸ் 40 டிகிரியில் அது ஏறத்தாழ 645 வோல்ட் ஆகும். 600 வோல்ட் இன்வர்ட்டர் அதைத் தாங்காது.

கேள்வி: தூண் மேலெழுந்துவிட்டது.

பதில்: மண் உறைந்து வீங்கித் தூக்கியிருக்கிறது. உறையும் ஆழத்துக்கு நன்கு கீழே ஊன்ற வேண்டும்.

கேள்வி: டிசம்பரில் டிராக்கரால் பயனுண்டா?

பதில்: மிகக் குறைவு. அப்போது எட்மன்டனில் நண்பகல் சூரியன் 13 டிகிரி உயரமே ஏறுகிறது. தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறைகிறது. டிராக்கர் கூடுதலாக ஈட்டுவது, சூரியன் வடகிழக்கில் எழுந்து நெடுந்தூரம் சுற்றும் ஜூனில்தான். ஆகவே டிசம்பர் முழுவதும் பலகைகளைத் தெற்கு நோக்கி 75 டிகிரி அளவில் நிறுத்திவைத்து, அன்றாடச் சுழற்சியை மட்டும் அணைத்துவிடுங்கள். காற்றுப் பாதுகாப்பு இயங்கிக்கொண்டே இருக்கட்டும்.