பெரிய எழுத்தில் வந்தால் ப்ராப்பர் நவுன் ஆகிவிடுமா?

‘ஆங்கிலத்தில் கேப்பிட்டல் லெட்டரில் தொடங்கினால் ப்ராப்பர் நவுன், இல்லாவிட்டால் காமன் நவுன் என்று வைத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ப்ராப்பர் நவுன் என்றால் ஒன்றைத் தனித்துச் சுட்டும் பெயர், காமன் நவுன் என்றால் ஒரு வகை முழுக்கப் பொருந்தும் பெயர். தேர்வுக்குப் படிக்கிறீர்கள், அல்லது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த விதியால் நான் ஒரு பீரியட் முழுக்க நின்றிருக்கிறேன்.

ஏழாம் வகுப்பு. தேர்வில் ஒரு வாக்கியம்: ‘ஐ மெட் எ ஜெர்மன் டாக்டர் ஆன் மண்டே’. ப்ராப்பர் நவுனை அடிக்கோடிட வேண்டும். நான் மண்டேக்கு மட்டும் கோடு போட்டேன். ஜெர்மனை விட்டுவிட்டேன் என்று மார்க் போயிற்று. “பெரிய எழுத்தில்தானே இருக்கிறது?” என்றார் ஆசிரியை. “அப்படின்னா ‘ஐ’யும் பெரிய எழுத்துதானே மிஸ், அதுவும் ப்ராப்பர் நவுனா?” என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், சத்தியமாக. வகுப்பு சிரித்தது. அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். மணி அடிக்கும்வரை நின்றேன்.

‘ஐ’ என்பது ப்ரோனவுன், அதாவது பெயருக்குப் பதிலாக வரும் சொல். வாக்கியத்தில் எங்கே வந்தாலும் பெரிய எழுத்துதான். ‘ஜெர்மன்’ அந்த இடத்தில் அட்ஜெக்டிவ். எந்த டாக்டர் என்று சொல்ல வந்தது. ஜெர்மன் மொழியின் பெயரும்தானே என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். ஆமாம், ‘ஷி ஸ்பீக்ஸ் ஜெர்மன்’ என்றால் அது ப்ராப்பர் நவுன். டாக்டருக்கு முன்னால் நிற்கும்போது அல்ல. ஆசிரியையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை; அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றின் மேல். அந்தப் பள்ளியில் நல்ல ஆங்கில அகராதி இருந்தது, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள். கிழித்துவிடுவோமாம். ஒரே ஒரு நாள் திறந்துவிட்டிருந்தால் ஜெர்மன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அட்ஜெக்டிவ் என்று போட்டிருப்பதை நானே காட்டியிருப்பேன். பிள்ளைகள் தொடக்கூடாத புத்தகத்தைப் பள்ளி எதற்கு வாங்க வேண்டும்?

பல வருஷம் கழித்து ஜெர்மன் மொழி படிக்கப் போனேன். அங்கே எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்து. மேசை, நாய், டாக்டர் எல்லாவற்றுக்கும். (டேனிஷ் மொழியிலும் 1948 வரை அப்படித்தான் இருந்தது.) என் பழைய வாக்கியத்தை ஜெர்மனில் எழுதிப் பார்த்தேன். ‘நான்’ என்பதற்கான ‘இஷ்’, வாக்கியத்தின் நடுவில் வந்தால் சிறிய எழுத்து. ‘ஜெர்மானிய’ என்ற அட்ஜெக்டிவும் சிறிய எழுத்து. டாக்டர் பெரிய எழுத்து! அன்று என்னை நிற்க வைத்த இரண்டு சொல்லும் தலைகீழாகிவிட்டன. நோட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகவே எழுத்தைப் பார்க்காதீர்கள், சொல் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ‘ரிவர்’ ஒரு வகையைச் சொல்கிறது, எந்த ஆற்றுக்கும் பொருந்தும். ‘நைல்’ ஓர் ஆற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ‘ஐ ஆஸ்க்ட் மை மதர்’ என்பதில் மதர் காமன் நவுன். ‘மை’யை எடுத்துவிட்டு ‘ஐ ஆஸ்க்ட் மதர்’ என்றால் பெயருக்குப் பதிலாக அதே சொல் நிற்கிறது, அதனால் பெரிய எழுத்து. மாதங்களுக்குப் பெரிய எழுத்து, சம்மர், விண்டர் போன்ற பருவங்களுக்குச் சிறிய எழுத்து. இதை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர் என்றால் இன்னொரு இடத்திலும் கால் இடறும். ப்ராப்பர் நவுனைச் ‘சிறப்புப்பெயர்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். நம் இலக்கணத்தில் மரம் இடுகுறிப் பொதுப்பெயர், மா இடுகுறிச் சிறப்புப்பெயர். ஆனால் ஆங்கிலத்தில் ‘ட்ரீ’யும் காமன் நவுன், ‘மேங்கோ’வும் காமன் நவுன். உலகத்தில் எத்தனை மாமரம் இருந்தாலும் அத்தனைக்கும் அந்தச் சொல் பொருந்துகிறதே. அவற்றில் ஒரே ஒரு மரத்துக்கு நீங்கள் ‘லட்சுமி’ என்று பெயர் வைத்தால், அதுதான் ப்ராப்பர் நவுன்.