கடைக் கணினிக்கும் வீட்டு மடிக்கணினிக்கும் நடுவில் கணக்கு தொலைந்தது ஏன்?

கேள்வி: திருகோணமலை நகரில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். கடையில் விண்டோஸ் 7 கணினி, நிலாவெளி வீட்டில் எக்ஸ்பி மடிக்கணினி. எக்செல் கணக்கைப் பென் டிரைவில் கொண்டுபோய் இரண்டிலும் எழுதுகிறேன். போன மாதம் பழைய கோப்பு புதியதன்மேல் ஏறி, மூன்று நாள் கடன் வரவு அழிந்துவிட்டது. ஒருவர் 15,000 ரூபாவுக்கு மென்பொருள் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய கருவி இரண்டு கணினியிலும் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு இடத்துக் கோப்புகளையும் ஒப்பிட்டு, மாறியதை மற்றதன்மேல் ஏற்றும் அதன் பெயர் பிரீஃப்கேஸ். விண்டோஸ் 95 காலத்திலிருந்து வருகிறது.

கடையில் பென் டிரைவைத் திறந்து, வெற்றிடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'நியூ' பட்டியலில் அதை உருவாக்குங்கள். கணக்குக் கோப்புறையை அதற்குள் இழுத்துவிடுங்கள். வீட்டில் அந்தப் பெட்டிக்குள்ளேயே திறந்து எழுதிச் சேமியுங்கள். மறுநாள் கடையில் 'அப்டேட் ஆல்' அழுத்தினால், எது எதன்மேல் ஏறப்போகிறது என்று அம்புக்குறி காட்டும். படித்துவிட்டுச் சம்மதியுங்கள். ஒரே கோப்பை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால் எதையும் மாற்றாமல் 'ஸ்கிப்' என்று நிற்கும். இப்படி உதவிய கருவியை விண்டோஸ் 10-இல் எடுத்தே விட்டார்கள். எல்லோர் வீட்டிலும் நாள் முழுக்க இணையம் ஓடுகிறது என்று நினைப்பவர்களின் முடிவு இது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் கணக்கு தொலைந்ததற்குக் கடிகாரம்தான் காரணம் என்று சந்தேகிக்கிறேன். எது புதியது என்பதை விண்டோஸ் உள்ளே படித்து அறிவதில்லை, கோப்பின்மேல் பதிந்த நாளையும் நேரத்தையும்தான் பார்க்கிறது. பழைய மடிக்கணினியின் உள்ளிருக்கும் பொத்தான் பற்றரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னே போய்விடும்.

தேதி சரியாக இருந்தாலும் இன்னொன்று இருக்கிறது. இலங்கை 2006 ஏப்ரலில் கடிகாரத்தை அரை மணி பின்தள்ளியது. திருத்தம் ஏறாத எக்ஸ்பியில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' நேர வலயம் இன்னும் கிரீன்விச் நேரத்துக்கு ஆறு மணி முன்னே என்றே நிற்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கையால் திருத்தியிருந்தால் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் வீட்டில் 10.00 மணிக்குச் சேமித்தது கடைக் கணினியில் 9.30 என்று வரும். கடையில் 9.45-க்குத் தொட்ட கோப்பு அதைவிடப் புதியதாகிவிடும். ஃபேட்32 என்ற வழக்கமான கோப்பு முறையில் வடிவமைத்த பென் டிரைவில் இது நேராது. என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறையில் வடிவமைத்த பென் டிரைவிலோ, இரண்டு கணினிகளையும் வயரால் இணைத்தாலோ நேரும். எக்ஸ்பியில் சென்னை, கொல்கத்தா வலயத்தைத் தேர்ந்து நேரத்தை மறுபடி வையுங்கள்.

அந்த 15,000 ரூபா மென்பொருளைப் பற்றியும் சொல்லவேண்டும். பலர் போட்டுத் தருவது விண்டோஸ் 7-இல் இலவசமாகவே இருக்கும், கோப்புகளைப் பிரதி எடுக்கும் ரோபோகாப்பி கட்டளையைத்தான். அதில் 'மிர்' என்ற சொல்லைச் சேர்த்து ஓர் ஐக்கனாக வைத்துவிடுவார்கள். மூலத்தில் இல்லாததை எல்லாம் அது மறுபக்கத்தில் அழித்துவிடும், குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது. ஒரு மீன்வலைக் கடைக்காரர் புது வெற்றுப் பென் டிரைவைச் செருகி அந்த ஐக்கனை அழுத்தினார். ஒரு வருடக் கணக்கு சில நொடிகளில் காலி. அமைத்துக் கொடுத்தவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

எக்ஸ்பிக்கு 2014-லேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, அந்த மடிக்கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள். பிரீஃப்கேஸைத் தொடுமுன் கணக்குக் கோப்புறை முழுவதையும் வேறொரு பென் டிரைவில் பிரதி எடுத்து, தேதி எழுதிக் கல்லாப் பெட்டியில் வையுங்கள்.