கண்ணாடி துடைக்கப் போக வேனா, குட்டி யானையா?

(கோவையில் 2009 முதல் ஜன்னல், ஷோரூம் கண்ணாடி சுத்தம் செய்யும் தொழில் நடத்தும் பெண்மணி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நானும் தம்பியும் இரண்டு வருஷமாக டூவீலரில் போய் வீடு, கடைகளின் கண்ணாடியைச் சுத்தம் செய்து கொடுக்கிறோம் அக்கா. இப்போது வேலைக்கு இரண்டு பையன்கள் சேர்ந்திருக்கிறார்கள். மூன்று லட்சத்துக்குள் ஒரு பழைய வண்டி பார்க்கிறோம். சாமான் பத்திரமாக இருக்கும், மழையில் நனையாது என்று தம்பி ஈகோ வேனைக் காட்டுகிறான். எனக்குக் குட்டி யானை (டாடா ஏஸ் பிக்கப்) மேல் ஆசை. நீங்கள் எதை வாங்குவீர்கள்?
– வாசகர், சிங்காநல்லூர்

பதில்: நான் இரண்டையும் வாங்கிப் பார்த்தவள். முதலில் வாங்கியது பழைய ஆம்னி வேன். 2019ல் அந்த வண்டி உற்பத்தியே நின்றுபோனாலும் அதன் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் தொழிலைக் கண்ணாடி துடைக்கிற வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வண்டி வாங்கும்போது அதைத் தண்ணீர் சுமக்கிற வேலை என்று நினைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆம்னியில் 25 லிட்டர் கேன் பன்னிரண்டு ஏற்றுவேன். அதுவே 300 கிலோ. பின்பக்கம் சாய்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு கேனையும் குனிந்து உள்ளேயிருந்து இழுத்து இறக்க வேண்டும். நிமிர்ந்தால் கூரையில் தலை இடிக்கும். ஒரு நாளைக்கு இருபது முறை அப்படிச் செய்து பாருங்கள், துடைக்கிற வேலை ஓய்வு மாதிரி இருக்கும்.

பிக்கப்பில் கேன் கிடையாது. டேங்க் பாடியிலேயே நிற்கிறது. அடியில் ஒரு டியூப் போட்டுப் பின் டோர் வரை இழுத்து ஒரு குழாயை மாட்டிவிட்டேன். பக்கெட்டைக் கீழே வைத்துத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும். மோட்டார் வேண்டாம், தூக்க வேண்டாம். நான் ஐந்தடி உயரம். இந்த ஒரு வசதிக்காகவே வேனை விற்றிருப்பேன்.

அடுத்தது ஈரம். சாயங்காலம் திரும்பும்போது நம்மிடம் உலர்ந்த சாமான் என்று எதுவும் இருக்காது. துணி, பஞ்சுக்கட்டை, பக்கெட், பையன்களின் செருப்பு எல்லாமே சொட்டும். மூடிய வேனில் இதை வைத்து ராத்திரி நிறுத்தினால் காலையில் கதவைத் திறக்கும்போது ஊறிய சாக்கு நாற்றம் அடிக்கும். இதை விட மோசமான ஒன்று நடந்தது. கறை எடுக்கும் ஆசிட் கேன் ஒன்றின் மூடி தளர்ந்து, வேன் தரையில் கசிந்துவிட்டது. சித்திரை வெயிலில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி மூடிய வண்டி. டிரைவருக்கும் பொருளுக்கும் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. கண் எரிந்து, தொண்டை அடைத்து, பீளமேடு பக்கம் ஓரமாக நிறுத்தி நான்கு கதவையும் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். பிரஷர் வாஷருக்குப் பெட்ரோல் என்ஜின் வைத்திருந்தால் அந்த வாடையும் சேரும். பிக்கப்பில் இதெல்லாம் கேபினுக்கு வெளியே, காற்றில் கிடக்கிறது. சாயங்காலம் பின் டோரைத் திறந்து குழாய்த் தண்ணீரை அடித்து பாடியைக் கழுவிவிட்டால் முடிந்தது.

ஆனால் உங்கள் தம்பி சொல்வது தப்பில்லை. பிக்கப் வாங்கிய முதல் மாதமே எனக்குப் பாடம் கிடைத்தது. டீ குடிக்கப் பத்து நிமிஷம் நிறுத்தினோம். வந்து பார்த்தால் நல்ல பித்தளை வைப்பர் மூன்றும், நீட்டிக்கிற கம்பும் காணோம். டேங்க்கை யாரும் தொடவில்லை, அதைத் தூக்க ஆள் வேண்டுமே! அப்புறம் பட்டறையில் சொல்லி இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி அடித்தேன். நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், பாடித் தரையோடு போல்ட் போட்டது. நட்டு பெட்டிக்குள் இருக்கிற மாதிரி முடுக்கச் சொல்லுங்கள், வெளியே இருந்தால் ஸ்பேனர் போதும். பெட்டியை இடது ஓரத்தில் வையுங்கள். நம் ஊரில் இடது பக்கம்தானே ஓரம். பையன்கள் பிளாட்பாரத்தில் நின்றே திறப்பார்கள், லாரிக்குக் குறுக்கே நிற்க மாட்டார்கள். மழைக்குத் தார்ப்பாய் போதும். ஐப்பசி, கார்த்திகையில் எப்படியும் வெளிக் கண்ணாடி வேலை பாதிதான் நடக்கும்.

டேங்க் விஷயத்தில் கொஞ்சம் கவனம். நான் முதலில் போட்டது 500 லிட்டர் டேங்க் ஒன்று. காலையில் முழுசாகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் பாதி காலியான பிறகு லட்சுமி மில் சிக்னலில் சட்டென்று பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. மொத்தமும் முன்னால் பாய்ந்து மோத, வண்டி இன்னொரு அடி தள்ளிப் போய் நின்றது. முன்னால் ஒரு ஸ்கூட்டர். ஒரு சாண் இடைவெளியில் தப்பியது. நிறைந்த டேங்க்கில் தண்ணீருக்கு ஓட இடமில்லை, காலி டேங்க்கில் ஓடத் தண்ணீர் இல்லை. பாதி டேங்க்தான் ஆபத்து. மறுநாளே அதை மாற்றி 250 லிட்டர் டேங்க் இரண்டாகப் போட்டேன். ஒன்றை முழுசாகக் காலி செய்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவோம். இரண்டும் கேபினை ஒட்டி, லாரிக்காரர்கள் சரக்குக்குக் கட்டுகிற அகலப் பட்டையால் கட்டியிருக்கும். நார்க்கயிறு நனைந்தால் தளரும், அதை நம்பாதீர்கள்.

ஆயிரம் லிட்டர் போடலாமே என்று ஆசைப்படாதீர்கள். டாடா ஏஸ் 2005ல் வந்ததிலிருந்து குட்டி யானை என்று செல்லமாகக் கூப்பிட்டாலும், இப்போதைய ஏஸ் பெட்ரோல் வண்டி தாங்குகிற பாரம் 750 கிலோதான். மாருதி சூப்பர் கேரி 740. 500 லிட்டர் தண்ணீர், டேங்க், இரும்புப் பெட்டி, ஏணி, மெஷின் என்று கூட்டிப் பாருங்கள், கணக்கு நிறைந்துவிடும். அதிக பாரத்துக்குச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம், மேலே ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பாடிக்கு வெளியே சாமான் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே 20,000. அதனால் ஏணியைப் பாடிக்குள் சாய்த்து வைத்துச் சிவப்புத் துணி கட்டுகிற பழக்கத்தை விடுங்கள். கேபினுக்கு மேலே வருகிற மாதிரி ஒரு இரும்புச் சட்டம் அடித்தால், பன்னிரண்டரை அடி வண்டியில் மடக்கிய ஒன்பதடி ஏணி அடக்கமாகப் படுத்துக்கொள்ளும்.

பிக்கப்பின் உண்மையான குறை ஆட்கள்தான். நீங்கள் நான்கு பேர். கேபினில் டிரைவரோடு இன்னொருவர், அவ்வளவே. மற்ற இருவரைப் பின்னால் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும். அந்தப் பையன்களின் அம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். என் வண்டிக்குப் பின்னாலேயே இருவர் பைக்கில் வருவார்கள், பெட்ரோல் காசு என்னுடையது. நான்கு பேரும் ஒரே வண்டியில்தான் போக வேண்டும் என்றால் பொலிரோ கேம்பர் மாதிரி இரட்டை வரிசை சீட் உள்ள பிக்கப் இருக்கிறது. உங்கள் மூன்று லட்சத்தில் நல்லதாகக் கிடைப்பது கஷ்டம்.

ஐந்து சீட் ஈகோவை வெள்ளை போர்டிலேயே வாங்கி, பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தொழிலுக்கு ஓட்டலாம் என்று புரோக்கர் யோசனை சொல்வார். வேண்டாம். சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த வண்டி தொழிலுக்கு ஓடி விபத்தானால் கிளெய்ம் சிக்கலாகும். வேன்தான் வேண்டும் என்றால் கார்கோ ஈகோவை மஞ்சள் போர்டில் எடுங்கள். மஞ்சள் போர்டு என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. உங்கள் கார் லைசென்ஸே போதும். 7,500 கிலோவுக்குக் கீழே இருக்கிற வண்டிக்குத் தனி பேட்ஜ் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2017ல் சொன்னதை அரசியல் சாசன அமர்வும் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) மட்டும் மறக்கக் கூடாது. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருஷா வருஷம்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள், கீழே படுத்துப் பாருங்கள். மீன் லோடு அடித்த வண்டியில் பாடித் தகடு அரித்திருக்கும், புதுத் தகடு போட்டு மறைத்திருப்பார்கள். செங்கல் லோடு அடித்த வண்டியில் ஸ்பிரிங் பட்டை தொங்கியிருக்கும். தண்ணீர் வேலைக்கு இரண்டும் ஆகாது. காய்கறியோ பேக்கரி சரக்கோ ஓடிய வண்டி கிடைத்தால் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம்.

சரி, வேன் யாருக்கு? போகிற இடத்திலேயே தண்ணீர் கிடைக்கிறவர்களுக்கு. பிளாட்டுகளில் உள்பக்கக் கண்ணாடி, சோபா, கார்ப்பெட் என்று விலை கூடிய மெஷின்களோடு சுற்றுகிறவர்களுக்கு வேன்தான் சரி. அதனால் வண்டி பார்க்கும் முன்பு உங்கள் நோட்டை எடுங்கள். போன மாதம் போன இடங்களில் எத்தனை பேர் தண்ணீர் கொடுத்தார்கள், எத்தனை இடத்தில் வாட்ச்மேன் “இங்கே பிடிக்கக் கூடாது” என்று விரட்டினார் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் நீங்களே தண்ணீர் கொண்டு போயிருந்தால் குட்டி யானை. இல்லையென்றால் தம்பி சொல்கிற மாதிரியே செய்யுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: வாடிக்கையாளர் வீட்டிலேயே போர் தண்ணீர் இருக்கும்போது எதற்கு நாம் சுமக்க வேண்டும்? தண்ணீர் தண்ணீர்தானே?
– வாசகி, சரவணம்பட்டி

பதில்: இல்லைம்மா. போர் தண்ணீரில் கழுவிவிட்டு ஒரு ஜன்னலை மட்டும் துடைக்காமல் காய விட்டுப் பாருங்கள். சொட்டு நின்ற இடமெல்லாம் வெள்ளை வட்டம் விழும். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து கண்ணாடியிலேயே தங்கிவிடும். அன்றே கவனித்தால் வினிகர் போதும். ஆறு மாதம் வெயிலில் வெந்தால் ஆசிட் தேடுவார்கள், அது அலுமினிய பிரேமைத் தின்னும். குழாயில் சிறுவாணித் தண்ணீரோ பில்லூர்த் தண்ணீரோ வருகிற வீடு என்றால் தாராளமாக அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீளக் கம்பில் பிரஷ் மாட்டிக் கழுவி, துடைக்காமல் அப்படியே காய விடுகிற முறைக்கு அந்த மீட்டர் பத்துக்குள் காட்ட வேண்டும்; அதற்குச் சுத்திகரித்த தண்ணீரை டேங்க்கில் கொண்டு போவதைத் தவிர வழியில்லை. அவிநாசி ரோட்டில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் அங்கே ஒரு ஷோரூமுக்கு வாரம் இரண்டு முறை போனோம். அவர்கள் போர் தண்ணீரில் தூசியைக் கழுவினால் சிமென்ட் பூசின மாதிரி ஆகிவிடும். எங்கள் டேங்க் தண்ணீருக்குத்தான் கூப்பிட்டார்கள்.

கேள்வி: சூப்பர் கேரி புதுசு வாங்குகிறோம். செலவு மிச்சமாகட்டும் என்று சி.என்.ஜி. எடுக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: எடுக்கலாம். ஆனால் சிலிண்டர் எடையும் சேர்வதால் பெட்ரோல் வண்டியில் 740 கிலோவாக இருக்கும் பாரம் சி.என்.ஜி.யில் 625 ஆகிவிடும். அதாவது 115 லிட்டர் தண்ணீரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள். 250 லிட்டர் டேங்க் ஒன்று போதும் என்கிற அளவு வேலை என்றால் சி.என்.ஜி. எடுங்கள். இரண்டு டேங்க் வேண்டும் என்றால் பெட்ரோல். ஷோரூமில் பணம் கட்டும் முன் உங்கள் ஏணியை அளந்துகொண்டு போங்கள்.